கழுத்தில் தொங்குவது வெறும் தகடு இல்லைங்க

ஜனவரி பிறந்தால் தில்லியில் குளிரோடு சேர்ந்து இன்னொன்றும் வந்துவிடும். தேசபக்தி ஷாப்பிங். சிக்னலுக்கு சிக்னல் கொடி விற்பவர்கள் ஒரு பக்கம். "ஆர்மி ஸ்டைல் டாக் டேக், உங்கள் பெயர் பொறித்துத் தரப்படும்" என்று மொபைலில் வந்து விழும் விளம்பரங்கள் இன்னொரு பக்கம். இந்த வருடம் எங்கள் குடியிருப்பில் குடியரசு தின விழாவுக்குக் குழந்தைகள் எல்லோருக்கும் அந்தத் தகடு ஒன்றைப் பரிசாகத் தரலாம் என்று முடிவாயிற்று. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி வேறு.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். "பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் மேஜர், கேப்டன் என்று போடலாமா?" என்று வாட்ஸப் குழுவில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். மேஜர் அமோக வெற்றி. கர்னலுக்கு ரெண்டு ஓட்டு. சுபேதாருக்கும் சிப்பாய்க்கும் ஒரு ஓட்டுகூட இல்லை. (நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டில்கூட ஆபீசராகத்தான் சேருவார்கள் போல!)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகடு செய்து மாட்டிக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதில் பொய் எழுதக்கூடாது. ஏனென்றால் அந்தத் தகடு பிறந்ததே ஒரே ஒரு உண்மையைச் சொல்வதற்காக: "நான் இன்னார், என்னை அடையாளம் தெரியாதவனாக ஆக்கிவிடாதீர்கள்." அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

காகிதத் துண்டும் ஊசியும்

சிப்பாய்க்கு வில்லை மாட்டும் பழக்கம் ரோமானியர் காலத்திலேயே இருந்திருக்கிறது. கி.பி. 295-ல், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தெபெஸ்ஸாவில், மாக்ஸிமிலியன் என்ற இளைஞர் படையில் சேர மறுத்து உயிரை விட்டார். கழுத்தில் மாட்டும் ஈய முத்திரையை வாங்க மாட்டேன் என்று அவர் சொன்னது விசாரணைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த முத்திரை, இவன் படையைச் சேர்ந்தவன் என்று காட்டத்தான். செத்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப அல்ல.

வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்ற கவலை முதலில் வந்தது சிப்பாய்களுக்குத்தான், சர்க்காருக்கு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864 ஜூன் மாதம் கோல்ட் ஹார்பர் என்ற இடத்தில் ஒரு பெரிய தாக்குதலுக்கு முந்தின இரவு. வீரர்கள் கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்களாம். கிழிசல் தைக்கிறார்கள் என்று நினைத்து ஓர் அதிகாரி பக்கத்தில் போய்ப் பார்த்தார். பெயரையும் ஊர் விலாசத்தையும் காகிதத் துண்டில் எழுதிச் சட்டையின் முதுகுப் பக்கம் குத்திக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பிணமாகக் கிடக்கும்போது புரட்டிப் பார்க்காமலே பெயர் தெரியட்டும் என்று.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 1862-ல், நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் கென்னடி என்பவர் ஒவ்வொரு சிப்பாய்க்கும் வில்லை செய்து தருகிறேன் என்று போர்த் துறைக்கு எழுதிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தப் போரில் வில்லை வேண்டுமென்றால் சொந்தக் காசில்தான். படையோடு கூடவே போன வியாபாரிகள் பெயர் பொறித்த உலோக பேட்ஜ்களை விற்றார்கள். பத்திரிகைகளில் விளம்பரமும் வந்தது. ஆக, இன்றைக்கு மொபைலில் நாம் பார்க்கிற "உங்கள் பெயர் பொறித்துத் தரப்படும்" வியாபாரத்துக்கு வயது 160-க்கு மேல்! அன்றைக்கு வாங்கியவன் ஸ்டைலுக்கு வாங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் போரில் இறந்த வடக்குப் படையினரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் பெயர் தெரியாமலே புதைக்கப்பட்டார்கள். தெற்குப் பக்கம் இன்னும் மோசம்.

முதலில் விழித்துக்கொண்ட அரசாங்கங்களில் ஒன்று பிரஷ்யா. 1870 பிரான்ஸ் போருக்குத் தன் வீரர்களை வில்லையோடு அனுப்பியது. அந்தக் காலத்தில் நாய்க்கு வரி கட்டினால் ஒரு வில்லை தருவார்கள். இதுவும் அதே மாதிரி இருக்கிறதே என்று வீரர்களே "நாய் வில்லை" என்று கிண்டலடித்தார்கள். அமெரிக்கா தன் ராணுவத்துக்கு அலுமினிய வில்லையை 1906 டிசம்பரில்தான் உத்தரவாகப் போட்டது. கோல்ட் ஹார்பரில் ஊசியோடு உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது, நாற்பத்திரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது.

ஒன்று போதாது, ரெண்டு வேண்டும்

பிரிட்டிஷ் ராணுவம் 1907-ல் வில்லை கொடுத்தது. ஒரே ஒரு வில்லை. முதல் உலகப் போர் வந்ததும் இதில் ஒரு சிக்கல் தெரிந்தது. இறந்தவர் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி அலுவலகத்துக்கு அனுப்பினால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் உடல்? அடுத்த குண்டு விழுந்து புதைத்த இடமே புரண்டுவிட்டால், அது யாருடையது என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அதனால் 1916 செப்டம்பரில் ரெண்டாக்கினார்கள். சிவப்பு வட்டம் ஒன்று, பச்சை எண்கோணம் ஒன்று. சிவப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு பச்சையை உடலோடு விட்டுவிட வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஒன்று கணக்குக்கு, ஒன்று மனிதனுக்கு. அதே வருடம் அமெரிக்காவும் ரெண்டு வில்லைக்கு மாறியது. 1949 ஜெனீவா ஒப்பந்தம், இரட்டை வில்லையில் ஒரு பாதி உடலோடு இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது.

அந்த பிரிட்டிஷ் வில்லை ஒரு வகை நார் அட்டை. மண்ணில் கிடந்தால் மக்கிவிடும். இது சிப்பாய்களுக்கும் தெரிந்திருந்தது போல. நாணயத்தைத் தேய்த்துத் தட்டையாக்கி, பெயர் பொறித்துக் கையில் காப்பு மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. பிரான்ஸில் தியெப்வால் நினைவுச் சின்னத்தில் மட்டும் 72,000 பேருக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. எல்லோரும் சோம் பகுதியில் விழுந்தவர்கள், கல்லறை இன்னது என்று தெரியாதவர்கள்.

ஒரு கட்டுக்கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ரெண்டாம் உலகப் போர் அமெரிக்கத் தகட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். பிணத்தின் பல்லிடுக்கில் தகட்டைச் செருகத்தான் அது என்று ஃபார்வர்டு மெசேஜ்கள் சொல்லும். அப்படியெல்லாம் இல்லை. தகட்டை இயந்திரத்தில் சரியாகப் பொருத்துவதற்கான வெட்டு அது.

எண் உண்டு, பெயர் இல்லை

இதுவரை சொன்னது வெள்ளைக்கார சிப்பாய்களின் கதை. நம் ஆட்கள்?

முதல் உலகப் போரில் சுமார் 74,000 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் நிறைய பேர் போனது மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு. அங்கே இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக 1929-ல் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம். பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் பெயர் இருக்கும். இந்தியப் படை என்றால் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்ற இந்திய சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் பெயரும் கீழே ஓர் எண்ணிக்கையும். இத்தனை பேர். அவ்வளவுதான்.

இது ஏதோ குமாஸ்தா மறதி இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து போன்ற இடங்களைச் சேர்ந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. அன்றைய சாம்ராஜ்யத்தின் இனப் பாகுபாடுதான் இதற்குப் பின்னால் இருந்தது என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

பாஸ்ரா வரை போவானேன், வேலூருக்கு வாருங்கள். லாங் பஜார் பக்கம் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்தப் பதினாலு பேர் யார்? எந்தத் தெரு? யார் பிள்ளை? கல்லில் இல்லை. இந்தியாவின் எத்தனையோ ஊர்களில் இதே பாணிக் கல் நிற்கிறது. எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது.

அதே வேலூர் மாவட்டத்துக்காரர் ஹவில்தார் ஏழுமலை. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் முகாம் பனிச்சரிவில் மூழ்கியபோது சிக்கிய பத்து பேரில் ஒருவர். பத்து பேரில் நாலு பேர் தமிழ்நாடு. ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிறகு தில்லி மருத்துவமனையில் இறந்துபோனார். பத்துப் பெயர்களையும் நாடே கேட்டது. நூறு வருடத்தில் மாறியது இதுதான், எண்ணிக்கை பெயராக மாறியிருக்கிறது. தில்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்துக்குப் போயிருக்கிறீர்களா? திறக்கும்போதே 25,942 பெயர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கல். ஊரிலிருந்து வருகிறவர்களைக் குதுப்மினாருக்கும் தாஜ்மஹாலுக்கும் கூட்டிக்கொண்டு அலைகிறோமே, ஒரு சாயங்காலம் இங்கேயும் கூட்டிப் போங்கள். இந்தியா கேட்டுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

முப்பத்தெட்டு வருடம் கழித்து

"இந்தக் காலத்தில் டி.என்.ஏ. டெஸ்ட் எல்லாம் இருக்கே, இன்னும் தகடு எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் 2022 ஆகஸ்டில் வந்தது.

சியாச்சினில் ஒரு பழைய பங்கரில் ஓர் உடலின் எச்சங்கள் கிடைத்தன. கூடவே ஓர் உலோக வில்லை, அதில் ஒரு ராணுவ எண். அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, 19-வது குமாவுன் பட்டாலியனின் லான்ஸ் நாயக் சந்திரசேகர் என்று தெரிந்தது. 1984 மே மாதம், ஆபரேஷன் மேக்தூத் சமயத்தில், பனிச்சரிவில் காணாமல் போனவர். வீட்டில் இளம் மனைவியும் ரெண்டு சின்னப் பெண் குழந்தைகளும் இருந்தார்கள். முப்பத்தெட்டு வருடம் கழித்து ஹல்த்வானியில் உள்ள வீட்டுக்கு உடல் வந்தபோது அந்தக் குழந்தைகள் நடுவயதுப் பெண்கள். ராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது. பனியில் கிடந்த அந்தத் தகடு இல்லையென்றால், டி.என்.ஏ.வை யாரோடு ஒப்பிடுவது என்பதே தெரிந்திருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவரை வீடு சேர்த்தது தகட்டில் இருந்த எண். பாஸ்ராவில் நாம் கோபப்பட்டதும் எண்ணைப் பார்த்துத்தான். வித்தியாசம் என்னவென்றால், ராணுவ எண் ஒரே ஒரு ஆளுடையது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். எண்ணிக்கை அப்படி இல்லை, அது ஆட்களை விழுங்கிவிடும்.

நமக்கெல்லாம் இது நன்றாகப் புரிய வேண்டும். இனிஷியலை வைத்துக்கொண்டு வடக்கே குப்பை கொட்டுகிறவர்கள் தானே நாம்? "சர்நேம் க்யா ஹை?" என்று கேட்கிற ஒவ்வொரு கவுன்டரிலும் அப்பா பெயரைக் கொடுத்துவிட்டு, பேங்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பிள்ளையின் ஸ்கூலில் ஒரு பெயர் என்று அலைந்தவர்கள். ஒரே பட்டாலியனில் நாலு முருகன், அஞ்சு செல்வம் இருந்தால், இனிஷியலும் ஒத்துப்போனால், எண்தான் காப்பாற்றும்.

இப்போ பேட்ஜுக்கு வருவோம்

தில்லி கண்டோன்மென்ட் பக்கம் கோபிநாத் பஜார் போனவர்களுக்குத் தெரியும். யூனிஃபார்ம், ஷோல்டர் டைட்டில், நேம் பிளேட், மெடல் ரிப்பன் என்று கடை கடையாக இருக்கும். சேவையில் இருக்கிறவர்களுக்கான கடைகள். சாதாரண ஆள் அதே பொருளைத் தேடி ஆன்லைனுக்குப் போகிறார். அங்கே கேள்வி கேட்பார் இல்லை. பைக்கில் ஒட்டப் பாரா கமாண்டோ சின்னம், ஜாக்கெட்டில் தைக்க ரெஜிமென்ட் பட்டை, கழுத்துக்கு "மேஜர்" தகடு, எல்லாம் கிடைக்கும்.

2019 உலகக் கோப்பை ஞாபகம் இருக்கிறதா? தென்னாப்பிரிக்காவோடு ஆடிய மேட்சில் நம்ம தோனி கிளவுஸில் "பலிதான்" சின்னம் போட்டிருந்தார். பாராசூட் ரெஜிமென்ட்டின் சிறப்புப் படைக்கான சின்னம் அது. ஐ.சி.சி. விதிப்படி கூடாது என்று சொல்ல, அடுத்த மேட்சில் சின்னம் இல்லாத கிளவுஸோடு வந்தார். தோனி கௌரவ லெப்டினன்ட் கர்னல், ஆக்ராவில் பாராசூட் குதித்துப் பயிற்சி முடித்தவர். அவருக்கே ஓர் இடத்தில் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற நமக்கு பைக்கில் அந்த ஸ்டிக்கர் எதற்குங்க?

சட்டமும் சும்மா இல்லை. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு, வீரரின் உடை போன்ற உடையையோ அடையாளச் சின்னத்தையோ அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. 2024 ஜூலைக்கு முன்னால் இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 140-வது பிரிவாக இருந்தது. 2022-ல் அறிமுகமான புதிய போர் உடையின் டிசைனை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்துகொண்டதும் இந்தக் கண்டபடி விற்பனையைத் தடுக்கத்தான்.

பயப்படாதீர்கள், ஆறு வயதுப் பிள்ளையை யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். சட்டம் பார்ப்பது ஏமாற்றும் எண்ணத்தை. நான் சொல்வது சட்டத்துக்காக இல்லை. நாம் விளையாட்டாகப் போட்டுக்கொள்கிற அந்த நாலு எழுத்துக்காக ஒருவர் பனியில் நிற்கிறார். எதுவும் செய்யாமல் அதை நாம் மாட்டிக்கொண்டால் அவருடையது கொஞ்சம் மலிவாகிவிடும்.

"இது வெறும் ஃபேஷன், ரொம்ப யோசிக்காதீங்க" என்று எங்கள் குழுவில் ஒரு நண்பர் சொன்னார். ஜீன்ஸ் சுரங்கத் தொழிலாளி உடையாக இருந்து ஃபேஷன் ஆகவில்லையா என்றும் கேட்டார். நல்ல வாதம்தான். ஆனால் ஜீன்ஸ் போட்டவனை யாரும் சுரங்கத் தொழிலாளி என்று நினைத்து இடம் கொடுப்பதில்லை, சல்யூட் அடிப்பதில்லை. வெறும் தகடு ஃபேஷன் என்றால் சரி. பதவி ஃபேஷன் இல்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

தகட்டை வாங்குங்கள். உண்மையை எழுதி வாங்குங்கள்.

எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு தமிழ்க் குடும்பம். போன கோடையில் ஊரிலிருந்து அவர்களுடைய பாட்டி வந்திருந்தார். சாயங்காலம் காற்று வாங்க இறங்கியவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. இங்கேதான் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்குமே! கையில் போன் இல்லை, ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. மெட்ரோ ஸ்டேஷன் காவலர்கள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பாட்டி சொன்னது ஒன்றும் அவர்களுக்குப் புரியவில்லை. மகன் பெயரைச் சொன்னாரே தவிர நம்பர் சொல்லத் தெரியவில்லை. மூன்றரை மணி நேரம் கழித்து, ஸ்டேஷன் வாசலில் இட்லி வண்டி வைத்திருக்கும் மதுரைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவைத்த பிறகுதான் விடிந்தது.

அடுத்த வாரமே மகன் ஒரு தகடு செய்தார். டாக் டேக் விற்கிற அதே மாதிரிக் கடைதான். முன்பக்கம் ஹிந்தியில்: எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கீழே ரெண்டு போன் நம்பர். பின்பக்கம் ரத்த வகை, சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர் என்ற குறிப்பு. "என்னடா இது, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி" என்று பாட்டிக்குக் கோபம். (பிரஷ்ய சிப்பாய்களுக்கு வந்த அதே கோபம்!) இப்போது சங்கிலியில் கோத்துக்கொண்டு, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தைரியமாகக் கீழே இறங்குகிறார்.

ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு என் யோசனை இதுதான்:

1. தனியாக வெளியே போகிற பெரியவர்களுக்கும், கூட்டத்துக்குக் கூட்டிப் போகிற குழந்தைகளுக்கும் ஒரு தகடு செய்யுங்கள். பண்டிகைக் கூட்டம், யாத்திரை, ரயில்வே ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் உதவும்.

2. ரெண்டு போன் நம்பர் போடுங்கள். ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று. வீட்டு விலாசம் வேண்டாம். குழந்தையின் பெயர் வெளியே தெரிகிற மாதிரியும் வேண்டாம், கண்டவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

3. ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, தினமும் சாப்பிடுகிற முக்கியமான மருந்து. டாக்டர் சீட்டைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

4. நீங்கள் இருக்கிற ஊர் மொழியில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் நமக்குப் பெருமை, கண்டெடுத்தவருக்குப் பொம்மை.

5. அழுத்திப் பொறித்த ஸ்டீல் தகடாக இருக்கட்டும். மேலே அச்சடித்தது வியர்வையில் சீக்கிரம் போய்விடும்.

6. பதவி, ரெஜிமென்ட், சிறகு, வாள், மண்டையோடு எதுவும் வேண்டாம்.

குடியரசு தினப் பரிசு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? குழுவில் இதையெல்லாம் சுருக்கமாக எழுதினேன். ஒருவர் கைகூப்பினார், நாலு பேர் கட்டை விரல் காட்டினார்கள், ஒருவர் "டூ சீரியஸ் யார்" என்றார். கடைசியில் பதவி இல்லாமல் பிள்ளை பெயரின் முதல் எழுத்து, ரத்த வகை, அம்மா போன் நம்பர் என்று ஆர்டர் போனது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மட்டும் மேஜர் போனதில் ரொம்ப வருத்தம். "பெரியவன் ஆகி நிஜமாவே வாங்கிக்கோடா" என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஐ.ஐ.டி. கோச்சிங்கில் சேர்த்துவிடாமல் இருந்தால் சரி.

உங்கள் ஊரில், உங்கள் குடியிருப்பில் இது எப்படி? பெரியவர்களுக்கு இப்படி ஏதாவது செய்து வைத்திருக்கிறீர்களா? சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

பி.கு: சொந்தக்காரர் யாராவது ராணுவத்தில் இருந்தால் அவருடைய வில்லையை போட்டோ பிடித்துப் போடாதீர்கள். அந்த எண் அவருடையது, நம் ஸ்டேட்டஸுக்கு இல்லை.